மூச்சு விடாதீங்க

என் மாமியார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த பிளாட்பாரத்தில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று நாள் முழுவதும் மைக்கில் சொல்வது அவர் வேலை. வீட்டிலும் அதே தொனிதான். சாப்பாடு தயார் என்று அவர் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். மாமனார் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லை என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் அதை மறுத்ததில்லை. மறுக்க இடைவெளியும் கிடைத்ததில்லை.

அந்தக் குரல் ஒருநாள் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்றார்கள். பிறகு மைக்கில்தான் கோளாறு என்று மைக்கை மாற்றினார்கள். புது மைக்கிலும் கரகரத்தது. மாடிப்படி ஏறினால் தொண்டைக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். விசில் நிற்கவில்லை. கடைசியில் தொண்டை சர்ஜன் ஒருவர் கேமரா விட்டுப் பார்த்தார். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் சதை திரண்டு வழியைக் குறுக்கியிருந்தது. அந்த வீக்கத்தில் குரல் நாண்கள் அசைகின்றனவா என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெறும் அழற்சி, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. இரண்டாவது முறை அனுப்பியதற்கும் அதே பதில்.

சர்ஜன் என்னையும் என் மனைவியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். சுற்றி வளைக்காத மனிதர். பெரும்பாலும் புற்றாகத்தான் இருக்கும் என்றார். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டு, பெரிய துண்டாக எடுத்துப் பார்க்க வேண்டும். புற்று என்று தெரிந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டிவரும். அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு சி.டி. ஸ்கேன் வேண்டும்.

வண்டி நிறுத்துமிடத்தில் என் மனைவி ஹெல்மெட்டை மாட்டப் போனவள் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க," என்றாள்.

சரி என்றேன். குரல் போகப்போகிறது என்பதை அந்த மனுஷியிடம் எந்தக் குரலில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

ஸ்கேன் எடுக்கப்போகிறவன் நான்தான் என்பது இதில் கூடுதல் வில்லங்கம். ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அதற்கு முன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்த்துப் பாதியில் விட்டேன். அதற்கும் முன் ஒரு படிப்பைப் பாதியில் விட்டேன். மாப்பிள்ளையைவிட டிப்போ வண்டிகள் தேவலை, அவை கடைசி நிறுத்தம் வரைக்குமாவது போகும் என்பது என்னைப் பற்றி மாமியாரின் கருத்து. அதை என் முகத்துக்கு நேராகவே சொல்வார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைப்பார். அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

எங்கள் சென்டரின் இயந்திரம் வாங்கியபோது அதற்குள் ஏதோ வேற்றுமொழிப் பெண்ணின் குரல் இருந்தது. மூச்சை இழு, பிடி, விடு என்று அவள் சொல்வது யாருக்கும் புரியவில்லை. படுத்திருப்பவர்கள் அவளுக்குத் தலையாட்டி மரியாதை செய்தார்கள், படம் பாழானது. முதலாளி என்னைப் பிடித்து, நீயே பேசிப் பதிவு செய் என்றார். செய்தேன். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. மூச்சு விடாதீங்க." சில விநாடி கழித்து, "இப்ப விடுங்க." கேட்டால் கொள்ளைக்கூட்டத் தலைவன் வங்கிக்குள் புகுந்தது மாதிரி இருக்கிறது என்று வரவேற்பில் இருக்கும் பெண் சொல்வாள். ஆனால் வேலை நடந்தது. அந்தக் குரலுக்கு யாரும் தலையாட்டியதில்லை.

ஒவ்வொருவரையும் மேசையில் படுக்க வைத்த பிறகு ஒருமுறை ஒத்திகை பார்ப்போம். குரல் எப்படி வரும், எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். அன்றைக்கும் அதற்குத்தான் மாமியாரின் பக்கத்தில் போய் நின்றேன். படத்தைத் துலக்கும் மருந்து ஏற்றக் கையில் ஊசி செருகியாகிவிட்டது, தலை அசையாமல் பட்டை போட்டாகிவிட்டது. அவர் பட்டைக்கடியிலிருந்து கண்ணை மட்டும் உருட்டி, கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, எனக்கு எல்லாம் தெரியும். குரலை எடுக்கப் போறாங்க. சர்ஜன்கிட்ட இருக்கற நர்ஸ் பொண்ணு வாயைக் கிளறினேன், கொட்டிட்டா."

நான் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"என் பொண்ணுக்கு இது தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா. நீங்க பாட்டுக்கு உளறிடாதீங்க."

மகள் அம்மாவிடம் மறைக்கிறாள். அம்மா மகளிடம் மறைக்கிறாள். நடுவில் நான். எந்தப் பக்கம் தலையாட்டினாலும் இன்னொரு பக்கத்துக்குத் துரோகம். இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு வெளியே வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒத்திகை சுத்தமாக மறந்துபோயிற்று. பொத்தானை அழுத்தினேன். முதலில் மருந்து ஏற்றாமல் ஒரு படம், பிறகு மருந்து ஏற்றி ஒன்று, அதுதான் முறை.

மேசை நகர்ந்தது. என் குரல் உள்ளே பேசியது. மூச்சை இழுக்கச் சொன்னது, பிடிக்கச் சொன்னது, விடாதீங்க என்றது. இயந்திரம் சுழலத் தொடங்கியது. அப்போது ஒலிபெருக்கியில் மாமியாரின் குரல் வந்தது. விசிலும் கரகரப்புமாக, ஆனால் நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்கூட மென்று விழுங்காமல்.

"நான் ஏன் மாப்பிள்ளை விடப்போறேன்? நீங்க அவகிட்ட விடாம இருந்தாப் போதும்."

அவர் பேசி முடிக்கவும் இயந்திரம் நிற்கவும் சரியாக இருந்தது.

உள்ளே ஓடினேன். அத்தை, அது ரெக்கார்டிங், நிஜ மூச்சைத்தான் விட வேண்டாம் என்கிறது, ரகசியத்தை இல்லை என்று விளக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க குரல்தானே அது?"

"என் குரல்தான் அத்தை. ஆனா நான் இப்ப சொல்லல."

"மைக்ல சொல்லிட்டு, நான் சொல்லலைன்னு நான் என்னிக்காவது தப்பிச்சிருக்கேனா?"

இந்த முறை ஒத்திகை பார்த்தோம். மருந்து ஏற்றி இரண்டாவது படம் எடுத்தபோது உதட்டை ஒட்டவைத்தது மாதிரி கிடந்தார். முடிந்து நான் உள்ளே போய், பேசலாம் அத்தை என்று சொல்லும்வரை வாயே திறக்கவில்லை. மாமனார் இதைப் பார்த்திருந்தால் இயந்திரம் என்ன விலை என்று கேட்டிருப்பார்.

பாழான முதல் படத்தை யாருக்கும் தெரியாமல் கழித்துவிட வழியில்லை. எடுப்பதெல்லாம் தானாகவே பக்கத்து அறைக்குப் போய்விடும். அங்கேதான் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரம்மா இருட்டில் இரண்டு திரைகளுக்கு முன்னால் பிஸ்கட் பாக்கெட்டுடன் உட்கார்ந்திருப்பார். அசைந்த படம் போனால் மண்டையில் குட்டாத குறையாகத் திட்டுவார். கூப்பிட்டனுப்பினார். திட்டு வாங்கும் முகத்தோடு போனேன்.

"யாருப்பா இது, ஸ்கேன்ல பேச்சுக் கச்சேரி வெச்சிருக்கறது?"

"எங்க மாமியார் மேடம்."

அவர் சிரித்தார். பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது ஒருமுறைகூட என் பக்கம் வந்ததில்லை. என்னவோ இருக்கிறது என்று தோன்றியது.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டாவதில், மூச்சைப் பிடித்திருந்தபோது, குரல் நாண்கள் இரண்டும் ஒதுங்கி நின்றன. முதலாவதில், மாமியார் என்னை மிரட்டிக்கொண்டிருந்த அந்த விநாடிகளில், அவை நடுவில் வந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. ஓரங்கள் கலங்கியிருந்தாலும் சேர்ந்திருப்பது தெரிந்தது. ரெட்டைக் கதவு மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே அளவு திறக்கிறது, ஒரே அளவு மூடுகிறது என்றார் டாக்டரம்மா. இந்த அளவுக்குச் சதை திரட்டிய புற்று இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு கதவையாவது இறுக்கிப் பிடித்திருக்கும் என்பது அவர் எண்ணம். வழக்கமான படத்தில் மூச்சைப் பிடிக்கத்தான் சொல்வோம், பேசச் சொல்ல மாட்டோம். அதனால் கதவு மூடுமா மூடாதா என்கிற கேள்வியே எழுந்திருக்காது.

அந்தச் சந்தேகம் வந்த பிறகு அவர் படத்தில் இன்னும் கீழே இறங்கினார். மூச்சுக்குழாயின் சுவரை ஒவ்வொரு வெட்டாக நகர்த்திப் பார்த்தார். புற்று ஒரு பக்கமாக முட்டிக்கொண்டு நிற்கும். இது சுவர் முழுக்கச் சுற்றிலும் தடித்திருந்தது. தடிப்புக்குள் அங்கங்கே சின்னச் சின்னக் குழிகள், அவற்றில் காற்று. பிறகு ஒரே தாவலில் படத்தின் உச்சிக்குப் போனார். மூக்கின் அடிப்பகுதி கொஞ்சம்தான் வந்திருந்தது. அங்கேயும் அதே தடிப்பு.

"இவங்களுக்கு மூக்கு எப்படி?" என்று கேட்டார்.

மூக்கு பல வருஷமாக அடைப்புதான். அதற்கு வேறொரு டாக்டர், வேறொரு சொட்டு மருந்து, ஒவ்வாமை என்று ஒரு பெயர். வாசனையே தெரியாது. பால் பொங்கி அடிபிடித்து அடுக்களை புகையாகிக் கிடந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து அடுத்த வீட்டுச் செய்தி சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில் அது எல்லோருக்கும் சிரிப்பு. தொண்டை டாக்டரிடம் யாரும் மூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் தொண்டையைத்தானே கேட்டார்.

டாக்டரம்மா மெல்லச் சாய்ந்துகொண்டு ஒரு நீளமான பெயரைச் சொன்னார். அது ஒரு பாக்டீரியாவின் வேலை. மூக்கில் குடியேறி, வருஷக்கணக்கில் அவசரமே இல்லாமல் சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டு மூச்சுக்குழாய்வரை இறங்கும். ரொம்ப அபூர்வம். படிக்கிற காலத்தில் அவருடைய பேராசிரியர் ஒரே ஒரு நோயாளியைக் காட்டி, நல்லாப் பார்த்துக்குங்க, இனிமே பார்க்க மாட்டீங்க என்றாராம். இதுதான் என்று ஸ்கேனை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் தேடிப் பார்க்காமல் கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது என்றார். தேடுவதற்குச் சதைத் துணுக்கில் தனிச் சாயம் போட வேண்டும், கேட்டால்தான் போடுவார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. அந்தக் கிருமிதான் என்றால் குணப்படுத்த மாத்திரை போதும்.

சர்ஜனுக்கு அங்கேயே போன் போட்டார். எதிர்முனையில் அவர் நம்பவில்லை என்பது இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே தெரிந்தது. நோயாளி பேசிவிட்டார் என்பதற்காக அறுவையை நிறுத்துவதா என்று கேட்டிருக்க வேண்டும். டாக்டரம்மா விடவில்லை. கழுத்தைத் தொடாமல் மூக்கிலிருந்தே துண்டு எடுக்கலாமே, வலிகூடப் பெரிதாக இருக்காதே என்றார். கடைசியில் சர்ஜன் இறங்கி வந்தார். மூக்கில் எடுத்து, தனிச் சாயம் போடச் சொல்லி அனுப்புவார். பதில் வரும்வரை காத்திருப்பார். ஆனால் அதற்குள் மூச்சு இன்னும் இறுகினால் ஓட்டை போட்டே தீருவார்.

அப்படித்தான் நாங்கள் காத்திருந்தோம். விசில் சத்தம் சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது. கொஞ்சம் உரக்கக் கேட்டால் எல்லோர் கையும் தட்டில் நின்றுவிடும், பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி பிசையும். என் மனைவி அம்மாவிடம், மூக்கில் சும்மா ஒரு சின்னச் சோதனை என்றாள். அம்மா மகளிடம், ஆமாம், வயசானால் மூக்கு அப்படித்தான் என்றார். ஒருத்திக்கு மேல் ஒருத்தி குஷியாக இருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. மனைவி அடுக்களைக்கு என்னைக் கூப்பிட்டு, அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்குமா என்று கேட்பாள். கூடத்துக்கு வந்தால் மாமியார் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, அவளுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்பார். நான் குளியலறைக்குப் போனால் மட்டும்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை. நிறையக் குளித்தேன்.

ஒருநாள் மதியம் மாமனார் சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். தண்ணீர்க்குழாயைத் திறக்கும் முன் எங்கள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். ஆளாளுக்கு நடிச்சது போதும்."

தட்டைக் கழுவினார். கவிழ்த்தார். கையைத் துடைத்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மாமியார் கேட்டதற்கு, எங்கே காத்து கசியுதுன்னு கண்டுபிடிக்கத் தெரியாமலா கடை நடத்துகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"அவகிட்டயா சொன்னீங்க?" என்றார் மாமியார்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை என்பதை நிரூபிக்க அந்த மதியம் முழுவதும் ஆயிற்று. நடுவில் எப்போதோ இருவரும் அழுதுவிட்டார்கள், அழுகை முடிந்து சிரித்தும்விட்டார்கள். மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு, குரல் போனால் விசில் ஊதி வண்டியைக் கிளப்புவேன், அதற்கும் ஒத்திகைதான் நடந்துகொண்டிருக்கிறது என்றார். மகள் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அதற்குப் பிறகு விசில் சத்தம் வந்தபோது யாரும் பிசைவதை நிறுத்தவில்லை.

மூச்சு மேலும் இறுகுவதற்குள் பதில் வந்துவிட்டது. சாயம் போட்ட துண்டில் நுரைத்த மாதிரி வீங்கிய செல்கள் இருந்தன. அவற்றுக்குள் அந்தப் பாக்டீரியா கூட்டமாக உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா சொன்ன அதே நீளமான பெயர். சர்ஜன் எங்கள் மூவரையும் உட்கார வைத்து, புற்று இல்லை, ஓட்டை இல்லை, குரல்வளை இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்றார். தான் நினைத்தது தவறு என்பதையும் சுற்றி வளைக்காமலே சொன்னார். வாய் வழியாகக் கருவி விட்டுக் குழாயைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று எச்சரித்தார். பாதியில் நிறுத்துகிற ஆள் வீட்டில் வேறொருவர், அது நானில்லை என்று மாமியார் என்னைக் காட்டினார்.

கிருமியின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, வரும் வழியெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார். வீட்டு வாசலில் தாளை மடித்தார்.

"இந்தப் பேர்ல ஒரு ஊர் இருந்தா, அந்த வண்டியை நான் அறிவிக்கவே மாட்டேன் மாப்பிள்ளை."

கருவி விட்டு அகலப்படுத்திய மறுநாளே விசில் நின்றது. கரகரப்பு அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினார். மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டது. ஒரு மாலை மாமனார் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபோது மாமியார் திடுக்கிட்டு எழுந்து ஜன்னல்களைத் திறந்தார். ரப்பர், பசை, வியர்வை எல்லாம் சேர்ந்த அந்த வாசனையை அவர் பல வருஷத்துக்குப் பிறகு அறிந்த நாள் அது. இந்த மனுஷன் இத்தனை நாளாய் இப்படித்தானா என்று எங்களைக் கேட்டார். நாங்கள் மரியாதைக்காக மீதி ஜன்னல்களைத் திறக்கப் போனோம். அன்றிலிருந்து மாமனார் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். சிகிச்சையால் நஷ்டம் அடைந்தவர் அவர் ஒருவர்தான்.

விடுப்பு முடிந்து மாமியார் வேலைக்குத் திரும்பிய காலை, நானும் என் மனைவியும் எங்கேயோ போகிறவர்கள் மாதிரி பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். பிடி வலித்தது.

ஒலிபெருக்கி கொரகொரத்தது. பிறகு குரல் வந்தது. பழைய குரல் இல்லை. கொஞ்சம் தாழ்ந்திருந்தது, வாக்கியத்தின் கடைசியில் லேசாக உரசியது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. மூன்றாவது பிளாட்பாரத்தில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். நாலு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேறு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் மனைவி பிடியைத் தளர்த்தினாள்.

ஓடியவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி அசையவில்லை. ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. இன்னொரு முறை அதே அறிவிப்பு வந்தது. அப்போதும் அசையவில்லை. உள்ளே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஒலிபெருக்கி மறுபடியும் கொரகொரத்தது. இந்த முறை எழுதிவைத்த வாசகம் வரவில்லை.

"மூணாவது பிளாட்பாரம் டிரைவர் தம்பி, கேன்டீன் தூணுக்குப் பின்னாடி நின்னா எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. டீயை வெச்சிட்டு வண்டிக்கு வாங்க."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வாயைத் துடைத்துக்கொண்டே வண்டியை நோக்கி ஓடினார்.